ஐந்தாவது முறையும் இரண்டாவது

டெலிபோன் அலறியது.

பல் டாக்டர் எடுக்கவில்லை. கையில் டிரில். டிரில்லுக்குக் கீழே ஒரு வாய்.

மறுபடியும் அலறியது.

"ஆ... ஆ..." என்றது வாய்.

"அப்படியே இருங்க. மூடிடாதீங்க."

ரிசீவரை எடுத்தார். மறுமுனையில் மனைவி.

"என்னங்க... அத்தான் மரத்தைக் காணோமாம்."

"எந்த மரம்?"

"என்ன எந்த மரம்? காலையில மொதல் பரிசு குடுத்தாங்களே, அந்த மரம். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல யாரோ சட்டியோட தூக்கிட்டுப் போயிட்டான். அத்தான் போலீசுக்குப் போயிட்டார். அக்கா ஒரே அழுகை."

"அடப்பாவமே."

ரிசீவரை வைத்தார். டிரில்லை நிதானமாக அதன் இடத்தில் மாட்டினார். முப்பது வருடம் பல் பிடுங்கிய கை.

"மீதி நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார் நாற்காலியில் இருந்தவரிடம்.

"டாக்டர், பாதி ஓட்டைதான் போட்டிருக்கீங்க."

"அந்தப் பக்கமா மெல்லாதீங்க."

கதவைத் தாழிட்டார்.

அடுத்த அறையில், எக்ஸ்ரே மெஷினுக்குப் பின்னால், ஈய அங்கியைப் போர்த்திக்கொண்டு நின்றது மரம்.

மரத்தின் சொந்தக்காரர் வக்கீல். டாக்டருக்குச் சகலை. மாமனார் வீட்டில் அவர் மூத்த மாப்பிள்ளை. அங்கே டாக்டர் இரண்டாவது.

போன்சாய்ப் போட்டியிலும் அதே கதை. ஐந்து வருடமாக முதல் பரிசு வக்கீலின் ஜூனிபர் மரத்துக்கு. ஒரு முழ உயரம். தண்டில் பாதி செத்து, வெளுத்து, பல்லைப் போல மின்னும். அந்தச் செத்த பாதியைத் தழுவிக்கொண்டு மற்ற பாதி பச்சையாக வாழும். வயது எண்பது என்றது பெயர்ப்பலகை.

இரண்டாவது பரிசு, ஐந்து வருடமும் டாக்டருக்கு.

இன்றைக்கு மூன்றாவதாக வந்தது உள்ளங்கை அளவு மரம். பதினேழாம் நம்பர். அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் வாய்விட்டே கேட்டார்.

"சகலை, ஒரே ஒரு கிளை குடுங்க. என் மரத்துல ஒட்டுக் கட்டிக்கறேன்."

வக்கீல் மீசையைத் தடவினார்.

"எதுக்கு டாக்டர் வீண் சிரமம்? ரெண்டாவது எடம் உங்களுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது டாக்டர் போகவில்லை. வெள்ளைக் கோட்டு. பெரிய அட்டைப்பெட்டி. வாசல் காவலாளி சலாம் போட்டுக் கதவைத் திறந்துவிட்டான்.

இப்போது மரம் அவர் கையில்.

வேண்டியது விரல் நீளத்தில் ஒரு கிளை. அடுத்த வருடம் அது தன் மரத்தில் துளிர்க்கும். மற்றதை அடுப்பில் வைத்தாலும் சரி.

கத்தியை வைத்தார். கிளையை வளைத்தார்.

நறுக்...

கிளை வரவில்லை. மரத்தின் பச்சைப் பாதி முழுவதும் கழன்று கையோடு வந்தது.

டாக்டர் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார்.

செத்த கட்டையில் மேலிருந்து கீழ்வரை ஒரு பள்ளம். டிரில் வைத்துக் குடைந்தது. அதற்குள் ஓர் இளஞ்செடியை அழுத்தி, மூன்று திருகு முடுக்கி, இடுக்கெல்லாம் வெள்ளைப் பசையால் அடைத்திருந்தார்கள்.

எண்பது வயதாவது, எட்டு வயதாவது! பட்டுப்போன கட்டைக்கு நேற்றுப் பிறந்த நாற்று.

எத்தனையோ பொய்ப்பல் கழற்றியவர். இப்படி ஒரு பொய்ப்பல்லைப் பார்த்ததில்லை.

சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு போலீசுக்கு போன் செய்தார்.

"திருடன் பேசறேன். மரம் எங்கிட்டதான் இருக்கு. வரும்போது வக்கீலையும் மறக்காம கூட்டிட்டு வாங்க."

ஜெயிலா? போகலாம். வக்கீலின் முகம் அஷ்டகோணலாவதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம்.

அரை மணியில் மூன்று பேர் வந்தார்கள். இன்ஸ்பெக்டர், வலது கன்னத்தைப் பிடித்தபடி. வக்கீல். பின்னால் டாக்டரின் மனைவி.

"பாருங்க சார். அஞ்சு வருஷமா ஊரை ஏமாத்தின மரம். பசை போட்டு ஒட்டினது."

வக்கீலின் முகம் கோணவில்லை.

"ஐயோ, என் மரத்தை இப்படி வெட்டிப் போட்டுட்டீங்களே சகலை. வெட்டினதும் இல்லாம பசையைத் தடவிப் பழியை என் தலையில போடறீங்களே. இது மரத்துக்குப் போடற பசையா சார்? நீங்களே பாருங்க."

இன்ஸ்பெக்டர் பசையை நகத்தால் சுரண்டினார். வாயைத் திறந்து, கடைவாயில் ஒரு விரலை வைத்தார்.

"இது பல்லு அடைக்கற சாமான். போன வாரம் இதே டாக்டர் எனக்குப் போட்டது. ரெண்டு நாள் நின்னுச்சு."

கருவித் தட்டில் அதே ட்யூப் கிடந்தது. அதையும் பார்த்தார்.

ஆனால் டாக்டர் ஒட்டுக் கட்டத் தெரிந்தவர்.

"சார், இங்க பாருங்க. பசை மேல பட்டை உருண்டு ஏறியிருக்கு. இவ்வளவு ஏற நாலஞ்சு வருஷம் ஆகும். இது இன்னிக்குத் தடவினது இல்ல."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

"வாஸ்தவம். அஞ்சு வருஷத்துப் பழசு."

"அதைத்தான் சார் சொல்றேன்."

"அப்ப அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே உங்க பசை இந்த மரத்துக்குப் போயிருக்கு. நீங்க கூட்டாளி."

வக்கீல் ஒரு நொடியில் கட்சி மாறினார்.

"மறைக்க விரும்பலை சார். இந்த யோசனையே டாக்டரோடதுதான். இப்ப பங்காளிச் சண்டை."

"பொய்!" டாக்டர் மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. பூ ஜாடி உடைஞ்சிடுச்சு, ஒட்டணும்னு இவர் வந்து கேட்டாரு. உன் முன்னாடிதானே ட்யூபைக் குடுத்தேன்?"

அவள் யோசித்தாள்.

"ஜாடியா? அக்கா வீட்டுல ஜாடியே கிடையாதே."

அக்கா வீட்டில் ஏழு ஜாடிகள் இருந்தன. அது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார்.

"ரெண்டு பேரும் ஜீப்புல ஏறுங்க. போட்டிக் கமிட்டிக்கும் சொல்லியாகணும். ரெண்டு பேர் பரிசும் ரத்து."

"சார்," என்றாள் மனைவி. "அப்ப கோப்பை யாருக்கு?"

"மூணாவது ஆளுக்குத்தான். யாரோ பதினேழாம் நம்பராம்."

"நான்தாங்க அது."

இன்ஸ்பெக்டர் மூடிய நோட்டை மறுபடி திறந்தார்.

"நீயா?" என்றார் டாக்டர். "நீ எப்ப மரம் வளர்த்தே?"

"உங்க மரத்துக்கு ஆறு வருஷமா யாரு தண்ணி ஊத்தறான்னு நெனச்சீங்க? பக்கத்துலயே என்னுதும் இருந்துச்சு. நீங்க பாக்கலை. உங்களுக்கு அத்தான் மரத்தைப் பாக்கவே பொழுது சரியா இருந்துச்சு."

டாக்டர் ஜீப் வரை நடந்தார். படியில் கால் வைத்தவர் திரும்பினார். கிளை கிடைக்கவில்லை, மானம் போயிற்று, மரமாவது மிஞ்சட்டும்.

"நான் வர்ற வரைக்கும் என் மரத்துக்குத் தண்ணி..."

"ஊத்தறேங்க. மொதல்ல உங்க ரெண்டாவது பரிசுக் கேடயத்தையெல்லாம் ஓரமா நகர்த்தி வைக்கணும். கோப்பை கொஞ்சம் பெருசாம்."