நாக்கு சுத்தம்

செவ்வாயின் சுத்த சைவக் குமிழ்நகரில் எந்த வாசலைத் தாண்டினாலும் அங்குள்ள இயந்திரத்திடம் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். விலங்குப் புரதம் ஒட்டியிருந்தால் நாக்குமானி சிவப்பு விளக்கைப் போடும். மூன்று நாள் கிடங்கில் சிறைவாசம். பச்சை என்றால் போய் காபி குடிக்கலாம்.

ஈர்ப்பு குறைந்த செவ்வாயில் எலும்பு கரையாமலிருக்க அங்கே எல்லோரும் தினம் ஒரு கேப்சூல் விழுங்கினார்கள். மருந்துத் தூள் மூட்டை மூட்டையாக இருந்தது. கேப்சூல் கூடுதான் ஒன்பது நாளைக்கு மேல் இல்லை. பூமிக் கப்பல் வர நாலு மாதம். வெறும் தூளோ தொண்டையைப் பொசுக்கிவிடும். வேதியியலர் உமையாள் ஈஸ்ட் தொட்டியில் ஜெலட்டின் வளர்த்துக் கூடுகள் செய்துவிட்டாள். தூய்மைக் குழுவின் அனுமதிதான் பாக்கி. இது ஏழாவது கூட்டம்.

"ஜெலட்டின்னா என்னம்மா?" தலைவர் சிவக்கொழுந்து ஏழாவது முறையாகக் கேட்டார்.

"பூமியில மாட்டுத்தோல், பன்றித்தோல், எலும்பு எல்லாத்தையும் அமிலத்துலயோ சுண்ணாம்புலயோ ஊறவச்சு, வெந்நீர்ல கரைச்சு, வடிகட்டிக் காயவச்சு எடுப்பாங்க ஐயா. சூட்டுல இளகும், ஆறினா உறையும். ஜெல்லி மிட்டாய், கேப்சூல், அந்தக் காலத்து போட்டோ பிலிம்..."

"சிவ சிவா!"

"முழுசாக் கேளுங்க. என் தொட்டியில மாடே கிடையாது. ஜெலட்டின் புரதத்துக்கான மரபணுவை ஈஸ்ட்டுக்குள்ள வச்சேன். அது பாட்டுக்குச் செஞ்சு தருது. இதோ, நானே சாப்பிடறேன்." ஒரு கூட்டை வாயில் போட்டு மென்று காட்டினாள்.

"பேச்சே வேண்டாம்மா. எலும்பு கரைஞ்சாலும் கொள்கை கரையக் கூடாது. பன்னிரண்டு வருஷமா வர்ற பூமிக் கேப்சூலே நமக்குப் போதும்."

உமையாளின் பொறுமை அறுந்தது. "அதுதான் ஐயா மாட்டெலும்பு!"

இதுவரை விழுங்கிய நாலாயிரத்துச் சொச்சம் கேப்சூல்களைத் தலைவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

குழு தனியே கூடி ஏகமனதாகத் தீர்மானித்தது: பூமிக் கேப்சூல் எதனால் ஆனது என்று இனி யாரும் சொல்லக் கூடாது, சொல்லாதவரை அது சைவம். இருப்பிலுள்ளவை குழு உறுப்பினர்களுக்கு மட்டும். தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும்.

தலைவர் அங்கேயே அன்றைய கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கினார். அது நாக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. வாசலில் நாக்கை நீட்டினார்.

"நாக்கு சுத்தம். போகலாம்" என்றது இயந்திரம்.

அடுத்து உமையாள். சிவப்பு. புரதம் எது என்றுதான் இயந்திரத்துக்குத் தெரியும். எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

கிடங்குக் கதவு மூடும்போது தலைவர் பரிதாபப்பட்டார்.

"நல்ல பொண்ணுதான். என்ன சாப்பிடறோம்னு யோசிச்சு யோசிச்சே கெட்டுப்போச்சு."