ஓரக்குறிப்பு எழுதிய கை

"ஐயா, நாளைக்குள்ள என்னைக் கைது பண்ணிடுவாங்க!"

பதறிக்கொண்டு வந்த பெண்மணி கெர்ட்ரூட் பென்கே, மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பானில் வெளியுறவு அமைச்சகக் கோப்பறையை இருபது ஆண்டுகளாகக் காப்பவர். ஓய்வுபெற்ற துப்பறிவாளர் வீகண்ட் நிதானமாக நாற்காலியைக் காட்டினார். அவருடைய உதவியாளர் லிஸ்பெத்துக்கோ இருப்புக்கொள்ளவில்லை. அதற்குள் குறிப்பேட்டைப் பிரித்துவிட்டாள்.

அது 1970. பிரிட்டனை ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ப்பது பற்றி ஜெர்மனியும் பிரிட்டனும் பேசிக்கொண்டிருந்த நேரம். கால் நூற்றாண்டுக்கு முன் குண்டு போட்டுக்கொண்டவர்கள் ஒரே மேசையில்! நினைத்தாலே மலைப்பாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அந்தப் பேச்சுக்கான ஜெர்மன் வரைவு அறிக்கை ஒன்றின் படம் பத்திரிகையில் வந்துவிட்டது. ஓரத்தில் மந்திரியின் சுருக்கொப்பத்துடன் ஒரு வரி: 'இவர்களை வாசலோடு நிறுத்துங்கள்.' லண்டன் கொதித்தது.

"தான் எழுதலன்னு மந்திரி சத்தியம் பண்றார். வரைவுக்கு மூணே பிரதி. ஒண்ணு அவர்கிட்ட, ஒண்ணு என் பீரோவுல. இன்னொண்ணை மரியாதைக்காக பிரிட்டிஷ் குழுவுல ஹாலம்கிற அதிகாரிகிட்ட குடுத்தோம். பழி மட்டும் என் தலையில!"

"ஹாலமை விசாரிக்கலையா?" என்றாள் லிஸ்பெத்.

"தன் நாட்டு மேலயே எவனாவது சேறு பூசுவானான்னு விட்டுட்டாங்கம்மா."

"மந்திரியோட கையெழுத்து உங்களுக்குப் பழக்கமா?" என்றார் வீகண்ட்.

"நல்லா கேட்டீங்க! அவர் பச்சைப் பென்சிலைத் தூக்கினாலே எங்க மாடி முழுக்க நடுங்கும்."

வீகண்ட் நேரே பத்திரிகை அலுவலகம் போனார். எல்லோரும் அச்சான கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டிருந்தார்கள். அவர் மூலத்தாளையே கேட்டு வாங்கிப் பார்த்தார்.

மறுநாள் காலை இரு குழுக்களும் மண்டபத்தில் கூடின.

"குறிப்பு சிவப்புல இருக்கு," என்றார் வீகண்ட். "இங்கே மந்திரிக்குப் பச்சை. சிவப்பு அவருக்கு அடுத்த செயலருக்கு. காப்பி கொண்டுவர்ற அம்மாவுக்குக்கூட இது மனப்பாடம். ஆனா லண்டன்ல வெளியுறவு மந்திரிதான் சிவப்பு மையில எழுதுவார். அதையே பாத்துப் பழகின கை ஒண்ணு, இங்கேயும் மந்திரின்னா சிவப்புதான்னு நம்பிடுச்சு. உங்க பிரதி எங்கே, ஹாலம்?"

"அடேயப்பா, இவ்வளவுதானா!" என்று லிஸ்பெத் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

ஹாலம் மறுக்கவில்லை. "போர்ல ஹாம்பர்க் மேல குண்டு போடப் போன என் அண்ணன் விமானத்தோட எரிஞ்சு செத்தான். இவங்களோட கைகுலுக்க என்னால முடியல. இந்தப் பேச்சு உடையட்டும்னுதான் செஞ்சேன்."

பென்கே எழுந்து அவன் எதிரே போய் நின்றார்.

"அந்தக் குண்டெல்லாம் விழுந்தப்ப நான் கீழே ஹாம்பர்க்லதான் இருந்தேன், தம்பி. என் தங்கச்சியைத் தேடினேன், சாம்பல்கூடக் கிடைக்கல. இருபது வருஷமா உங்க காகிதத்தையும் எங்க காகிதத்தையும் ஒரே பீரோவுல வச்சுப் பூட்டிட்டு வரேன். எனக்கு மட்டும் சுலபமா இருந்துச்சுன்னு நினைச்சியா?"

ஹாலம் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

பிரிட்டிஷ் குழுத் தலைவர் எழுந்து பென்கேயிடம் தலைதாழ்த்தி மன்னிப்புக் கேட்டார். பென்கே தலையாட்டிவிட்டு, அன்றைய கூட்டத்துக்கான கோப்புகளை எடுக்கக் கிளம்பினார்.