ஒரு தடவைதான் கேட்பான்

லிஃப்ட் நின்றதும் அவள் முதலில் நிறுத்தியது மூச்சை. ஏதோ தான் மூச்சு விட்ட பாரம் தாங்காமல்தான் அது நின்றுவிட்டது போல...

நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், ஊர் பேர் தெரியாத ஒரு கட்டடத்தின் வயிற்றுக்குள், அவளும் அவளுடைய கைப்பையும். வெளியே மழை. முதல் வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட் பத்திரம், பனி பத்திரம், தெரியாதவர் எது கொடுத்தாலும் வாங்காதே என்று அம்மா விமான நிலையம் வரை ஓதிக்கொண்டே வந்தாள். லிஃப்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மணி படம் போட்ட மஞ்சள் பொத்தானை அமுக்கினாள். சுவரில் இருந்த ஸ்பீக்கர் சல்லடைக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் புரியாத மொழியில் ஏதோ கேட்டது. பிறகு ஆங்கிலத்தில் கேட்டது. அவளுடைய ஆங்கிலமோ, ஆபத்து என்றால் அவளுக்கு முன்னால் இறங்கி ஓடுகிற ரகம்.

"கடவுளே... இதுக்குள்ளயே போய்ச் சேர்ந்தா அப்பாவுக்கு யாரு சொல்லுவா..." என்று தனக்குத்தானே புலம்பினாள். "பொத்தானை அமுக்கினா எவனோ கொரகொரங்கறான். குரலா அது... தொண்டையில மாவு மில் வெச்சிருக்கான்."

சல்லடை ஒரு தடவை இருமியது.

"சளிங்க," என்றது பிறகு, சுத்தமான தமிழில். "மழையில நனைஞ்சுட்டேன்."

அவளுக்கு அந்தப் பெட்டியோடு சேர்ந்து அப்படியே பாதாளத்துக்குப் போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

"பயப்படாதீங்க. அமுக்கினா டியூட்டியில இருக்கறவங்க போனுக்கு வரும். வண்டியிலதான் வந்துட்டு இருக்கேன். அதுவரைக்கும் பேசிட்டே வரவா?"

"இல்லைங்க, பரவால்ல... உங்களுக்கு எதுக்கு சிரமம்."

"சரிங்க."

கிளிக். அமைதி.

அவள் சல்லடையையே பார்த்தாள். என்ன 'சரிங்க'? ஒருவர் கேட்டால் வேண்டாம் என்பது மரியாதை. 'அட, சும்மா பேசுங்க' என்று அவர் திரும்பக் கேட்பது அதைவிட மரியாதை. அப்புறம் போனால் போகிறது என்று நாம் சம்மதிப்போம். சோறு, காப்பி, நாற்காலி, கல்யாணம் எல்லாமே இப்படித்தானே நடக்கிறது... இவன் என்ன, முதல் 'வேண்டாம்'மிலேயே இலையை எடுத்துவிட்டான்?

அந்த அமைதியில் அவள் இரண்டு முறை உயில் எழுதிவிட்டாள். சொத்து என்று பெரிதாக இல்லாததால் சீக்கிரம் முடிந்தது.

கதவு ஒரு சாண் விலகியது. அந்தச் சந்தில், அவள் தலைக்கு மேலே, முதலில் தெரிந்தது இரண்டு கண்கள். மழை சொட்டுகிற இமைகளுக்குக் கீழே, கழுவி வைத்த லென்ஸ் போல... அவள் பிழைப்பே கண்தான். மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையில் லென்ஸ் தேய்க்கிறவள். புது மெஷின் ஓட்டப் பழகத்தான் மூன்று வாரப் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். எத்தனையோ கண்களுக்கு லென்ஸ் தேய்த்திருக்கிறாள். எந்தக் கண்ணும் அவளை இப்படித் தேய்த்ததில்லை.

"கையைப் பிடிச்சுக்கறீங்களா?"

"பரவா..." என்று ஆரம்பித்தவள், கீழே இருட்டைப் பார்த்ததும் மீதியை விழுங்கினாள். முதல் கேள்விக்கே அவள் சம்மதித்த முதல் பொருள், அந்த எண்ணெய்க் கறை படிந்த கை.

மேலே ஏற்றிவிட்டு, பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தான். "டீ குடிக்கறீங்களா?"

"ஐயோ, வேண்டாங்க."

தலையாட்டிவிட்டு தனக்கு மட்டும் ஊற்றினான். அவள் எதிரிலேயே, ஆவி பறக்கப் பறக்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். கண் அழகாக இருந்து என்ன... மனுஷன் கொலைகாரன்.

"இடது கண்ணைச் சுருக்கிப் பாக்கறீங்க," என்றாள் எரிச்சலில். "பவர் இருக்கும். செக் பண்ணுங்க."

"லிஃப்ட்ல மாட்டினவங்க தேங்க்ஸ் சொல்லுவாங்க. நீங்கதான் முதல்ல சீட்டு எழுதறீங்க, கண்ணாடி மேடம்."

பட்டம் அன்றே ஒட்டிக்கொண்டது. அவனுக்கு 'லிஃப்ட் சார்'. கதவு மோட்டாரை மாற்ற வேண்டும் என்று தினமும் வந்தான். சாயங்காலம் பயிற்சி முடிந்து, தங்கியிருந்த அறைக்கு அவள் திரும்பும்போதெல்லாம் கீழ்த்தளத்தில் திருகாணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பான். ஒரு மோட்டாரை மாற்ற இவ்வளவு நாளா என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் அவள் மழையில் நின்றிருந்தாள். குடையோடு அவன் வந்தான். "குடைக்குள்ள வரீங்களா?" "இல்லைங்க, பரவால்ல." "சரிங்க." குடை போய்விட்டது. இரண்டு பஸ்கள் நிற்காமல் போயின. முழுக்க நனைந்து கட்டடத்துக்கு வந்து சேர்ந்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க... ஒரு தடவை கேட்டுட்டுப் போனா எப்படிங்க? தொப்பலா நனையறேன், பார்த்துட்டே போறீங்க."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "வேண்டாம்னீங்களே."

"அது... முதல் வேண்டாங்க. அதெல்லாம் கணக்கா?"

அவன் சிரித்த சிரிப்பில் மூன்றாவது மாடியில் யாரோ கதவைத் திறந்து பார்த்தார்கள்.

"அப்ப இத்தனை நாளா டீ..."

"வேணும்."

"போன் நம்பர் தரட்டுமான்னு கேட்டேனே..."

அவள் செருப்பைப் பார்த்தாள். "அது வேற விஷயம்."

"நானும் வந்த புதுசுல பட்டினி கிடந்தவன்தாங்க," என்றான். "மேலதிகாரியம்மா வீட்டுக்குக் கூப்பிட்டாங்க. தட்டை நீட்டினாங்க. வேண்டாம்னேன். தட்டு உள்ள போயிடுச்சு. திரும்பி வரும், திரும்பி வரும்னு சமையலறையையே பார்த்துட்டு இருந்தேன்... கடைசியில வெளிய வந்தது என் கோட்டுதான். இந்த ஊர்ல பஸ்கூட கையை நீட்டினாத்தான் நிக்கும். ரயில்ல பொத்தானை அமுக்கினாத்தான் கதவு திறக்கும். தானா எதுவும் திறக்காது, மேடம்."

அவளுக்குப் புரிந்தது. பயிற்சியில் 'இன்னொரு தடவை காட்டட்டுமா' என்று ஆசிரியர் கேட்டபோது, அவருக்கு எதற்குச் சிரமம் என்று வேண்டாம் சொல்லி, ஒரு தட்டு லென்ஸை அவள் அப்பளம் போல நொறுக்கியிருந்தாள்.

"ஊர்ப் பழக்கம் சரி. எங்கிட்டயாவது ரெண்டு தடவை கேக்கலாம்ல. நம்ம ஆளுதானே..."

அவன் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துபோனது.

"கேக்க மாட்டேங்க," என்றான் மெதுவாக. "எங்க அக்காவைப் பொண்ணு பாக்க வந்தாங்க. அவ வேண்டாம்னா. வெக்கப்படறான்னு சிரிச்சோம். திரும்பத் திரும்பக் கேட்டோம்... நானும்தான் கேட்டேன். 'நல்ல இடம்க்கா'ன்னு. கடைசியில அலுத்துப்போய்த் தலையாட்டிட்டா. இன்னிக்கும் அவ வீட்டுக்குப் போன் பண்ணினா, வீட்டுக்காரர் இல்லாத நேரமாப் பாத்துத்தான் பேசணும். அன்னிலேருந்து ஒரு பொண்ணு வேண்டாம்னா எனக்கு அது வேண்டாம்தான்."

மழை கண்ணாடிக் கதவில் கோடு கோடாக வழிந்தது. பிளாஸ்க்கை அவளே எடுத்து, மூடியில் ஊற்றிக் குடித்தாள். சர்க்கரை தூக்கல். அதைச் சொல்லவில்லை.

அதன்பிறகு அவள் பழகினாள். பஸ்ஸுக்குக் கை நீட்டினாள். ரயில் பொத்தானை அமுக்கினாள். 'இன்னொரு தடவை காட்டுங்கள்' என்று வாய்விட்டுக் கேட்டு, உலகம் இடிந்து விழவில்லை என்று கண்டுகொண்டாள். குடைக்குள் நடந்தாள். தோளுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி... அந்த இடைவெளியில்தான் எத்தனை கவலை. நெருங்கினால் என்ன நினைப்பானோ... விலகினால் என்ன நினைப்பானோ...

வீட்டிலிருந்து அப்பா கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்க வரட்டுமான்னு கேக்கறாங்கம்மா. நீ வந்து இறங்கின மறுநாள். என்ன சொல்ல?"

"இப்ப எதுக்குப்பா... வேண்டாமே."

பின்னாலிருந்து அம்மா குரல்: "வேண்டாங்கறாளா? அப்ப சரின்னு அர்த்தம். வரச் சொல்லுங்க."

அந்தப் பயத்தோடு அவள் அலைந்துகொண்டிருந்தபோதுதான், மோட்டார் வேலை முடிந்த அன்று, அவன் கேட்டான். கையைத் துணியால் துடைத்தான். சுத்தமான கையை மறுபடி துடைத்தான்.

"உங்க அப்பாகிட்ட... நான் பேசட்டுங்களா? நம்ம விஷயமா..."

வாய்க்கும் மனசுக்கும் ஓட்டப்பந்தயம் வைத்தால் அவளிடம் எப்போதும் வாய்தான் ஜெயிக்கும்.

"ஐயோ... வேண்டாங்க."

சொன்ன மறுநொடியே தெரிந்துவிட்டது. அந்தக் கண்களில் விளக்கு அணைந்தது தெரிந்தது.

"சரிங்க," என்றான். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கௌரவம் காலைப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு விவரம் சொன்ன பிறகும் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரியாதா... ஒரு பெண்ணாகப் பிறந்தவள் இதை எப்படி வாய்விட்டு... அவனே வருவான் என்று அறைக்குப் போய்ப் படுத்தாள். வரவில்லை. மறுநாள் கீழ்த்தளத்தில் திருகாணிகள் இல்லை. லிஃப்ட், பாவி, ஒரு தடவைகூட நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. நம்பரும் இல்லை. அதைத்தான் மரியாதையாக வேண்டாம் என்றாயிற்றே.

மரியாதை... அவள் சிரித்தாள், அழுதது போல் இருந்தது. வீட்டில் அவள் வேண்டாம் என்றால் சம்மதம். இங்கே வேண்டாம் என்றால் முடிந்தது கதை. இரண்டு ஊரிலும், அவள் நினைத்தது மட்டும் நடக்காது.

கிளம்ப வேண்டிய நாள் வந்தது. மழையும் வந்தது. பெட்டியை மூடி, திறந்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து, மறுபடி மூடினாள். கீழே டாக்சி வந்துவிட்டது. அவள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை அவங்க வர வேண்டாம்."

"சும்மா வெக்கப்படாதேம்மா..."

"வெக்கம் இல்லப்பா. வேண்டாம்னா வேண்டாம். இனிமே நான் வேண்டாம்னு சொன்னா அதுக்கு அதுதான் அர்த்தம்."

அப்பா ஒரு தடவை கனைத்தார். "அப்ப... வேற யாராச்சும்..."

"இன்னும் கேக்கலப்பா. இப்பத்தான் கேக்கப் போறேன்."

"நீ கேக்கப் போறியா?"

"ஆமாம்பா. இங்க அப்படித்தான் கதவு திறக்குது."

"...சரி. கேட்டுட்டு என்னன்னு சொல்லு. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்," என்றார், தைரியம் முழுவதும் சேராத குரலில்.

லிஃப்டுக்குள் நுழைந்தாள். கதவு மூடியது. மஞ்சள் பொத்தான் அவளைப் பார்த்தது. ஆபத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. அபராதம் போடுவார்களோ, போலீஸ் வருமோ, விமானம் போய்விடுமோ... விரல் போய்ப் போய்த் திரும்பியது. பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, அமுக்கினாள்.

ஒரு பெண் குரல். அவள் நெஞ்சு செருப்புக்குள் விழுந்தது. லிஃப்ட் நின்றுவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டது.

"இல்லை. லிஃப்ட் நன்றாக இருக்கிறது," என்றாள் அவள், ஓடிப்போக இருந்த ஆங்கிலத்தைக் காதைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டு. "நான்தான் நின்றுவிட்டேன்."

அந்தக் குரல் கேட்டது, "உதவிக்கு யாராவது வர வேண்டுமா?"

பரவாயில்லை என்ற வார்த்தை தொண்டை வரை ஏறி வந்தது. அதை விழுங்கினாள்.

"ஆமாம். வேண்டும். உங்களிடம் சளி பிடித்த குரலில் ஒருவர் இருப்பாரே... அவர்."

அந்தப் பெண் சிரித்தாள். "நான் அவருடைய மேலதிகாரி. என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறார். இரண்டு நாளாகப் பேச்சே இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், பேசுங்கள்."

சல்லடையில் வைப்பர் ஓடும் சத்தம்... பிறகு, "மேடம்?"

"லிஃப்ட் சார்... நீங்க ஒரு தடவைதான் கேப்பீங்க, தெரியும். திரும்பக் கேளுங்கன்னு சொல்ல மாட்டேன். நானே கேக்கறேன். நானும் ஒரு தடவைதான் கேப்பேன்." மூச்சு வாங்கியது. "என்னைக் கட்டிக்கறீங்களா?"

வைப்பர் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது.

"இல்லைங்க..." என்றது அந்தக் குரல், திணறித் திணறி. "உங்களுக்கு எதுக்கு... சிரமம்..."

அவள் சல்லடையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீரும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து முட்டின.

"சரிங்க," என்றாள்.

"ஐயோ வெச்சுடாதீங்க... வெச்சுடாதீங்க. வாய் தவறிடுச்சுங்க. பழக்க தோஷம். வேணும். எனக்கு வேணுங்க." பின்னால் மேலதிகாரியம்மா எதற்கென்றே புரியாமல் கைதட்டுவது கேட்டது. "டாக்சியை அனுப்பிடுங்க, விமானத்துக்கு நானே கொண்டுவந்து விடறேன். அப்பா நம்பர் குடுங்க. இந்தத் தெரு திரும்பினா வந்துட்டேன்... அதுவரைக்கும் பேசிட்டே வரவா?"

"பேசுங்க," என்றாள் அவள், முதல் தடவையிலேயே.