இடது கையால் தட்டியவள்

செவ்வாயில் நம்மவர்கள் குடியேறிய செவ்வூரில், வேலைக்குக் கிளம்புகிறவர்கள் சோற்றை மறந்தாலும் மறப்பார்கள், மூச்சை மறக்க மாட்டார்கள். அளந்து அடைத்துக்கொடுத்த உயிர்வளியை முதுகில் மாட்டிக்கொண்டு வெளியே போவார்கள், தீர்வதற்குள் திரும்பிவிடுவார்கள். திரும்பாதவர்களைப் பற்றி ஊரில் பேச்சில்லை.

பனிக்கட்டி தோண்டும் சண்பகவல்லி கோவில்பட்டிக்காரி. அப்பா வழிச் சாமி, அம்மா வழிச் சாமி இரண்டையும் பூமியிலேயே விட்டுவிட்டு வந்தவள். வந்த புதிதில் ஒரு புழுதிப் புயலில், ஊருக்குள் நுழையும் காற்றுப்பூட்டுக் கதவு திறக்காமல் அடம்பிடித்தது. மூச்சு முட்டிய நேரத்தில் அவள் கதவோரக் குழாயை ஒரு தட்டுத் தட்டி, "சரி, பாத்துக்க" என்றாள். தட்டியது இடது கையால்; அவளுக்கு அதுதான் பழக்கம். கதவு திறந்தது.

அன்றிலிருந்து உள்ளே வரும்போதெல்லாம் ஒரு தட்டு, ஒரு "பாத்துக்க". யாரிடம் சொல்கிறாய் என்று தோழிகள் கேட்டால், "யாருன்னு நான் கேட்டதில்ல, அதுவும் என்னையக் கேட்டதில்ல" என்பாள். அதற்குப் பெயர் கிடையாது, படம் கிடையாது, கூட்டமும் கிடையாது. அவளுக்கு அது போதுமாயிருந்தது.

வாசலில் வேலை பார்த்த ஏவலன்கள், மனிதர்களைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொள்ளும் எந்திரங்கள். அதுதான் வினையாயிற்று.

வடக்கு முகாமில் பல மாதம் தோண்டிவிட்டுச் சண்பகவல்லி திரும்பும் வழியில், வண்டிச் சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. மிச்சத் தூரம் நடைதான். வாசலை எட்டியபோது உயிர்வளி முள் சிவப்புக்குள் இறங்கியிருந்தது.

வாசலில் ஏவலன்கள் வரிசைகட்டி நின்றன. குழாயைச் சுற்றிக் கம்பி வேலி. ஒவ்வொன்றும் வலது கையால் குழாயைத் தட்டி, "சரி, பாத்துக்க" என்று தலைகுனிந்து உள்ளே போனது. குழாயைத் துடைப்பதற்கென்றே ஓர் ஏவலன்.

"வழி விடுங்கப்பா, மூச்சு இல்ல!"

"வரிசையில வாங்கக்கா." வாசல் ஏவலனின் குரல் அவள் தலைக்கவசத்துக்குள் ஒலித்தது.

அவள் வேலியைத் தாண்டி, இடது கையால் தட்டினாள். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கதவு அசையவில்லை.

"இடது கையாக்கா?" ஏவலன் பதறியது. "அந்தக் கோஷ்டி தெக்கு வாசல்ல இருக்கு. அவங்களுக்கும் நமக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

தெற்கு வாசல் குன்றுக்கு அந்தப்பக்கம்.

"ஏலே, இத ஆரம்பிச்சதே நாந்தாம்ல!"

"போன வாரமும் ஒருத்தர் வந்து அப்படித்தான் சொன்னாரு."

"அவரு எங்க இப்போ?"

ஏவலன் வலது கையை நீட்டி வாசலோரச் சிலையைக் காட்டியது. "மொதல்ல தட்டுனது எங்க மூத்தவருதான், அக்கா. வலது கையால. அந்தா அவரு செல, பாருங்க. மனுசங்களும் எதுக்கு வம்புன்னு இப்ப வலதாலதான் தட்டுறாங்க."

சிலையைப் பார்த்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்த புதிதில் வாசலில் கூடவே நின்று, அவளைப் பார்த்துத் தட்டிய பழைய ஏவலன்தான் அது. பாறை விழுந்ததில் அதற்கு இடது கை முன்பே போயிருந்தது. சிலைக்கும் இல்லை. வரிசையில் பக்தி முற்றிய இரண்டொன்று, நன்றாயிருந்த இடது கையைக் கழற்றிப்போட்டுவிட்டு நின்றிருந்தன.

காதுக்குள் இரைச்சல். கண்முன் பூச்சி பறந்தது. இடது கைத் தட்டு, அவளுக்கும் அதற்கும் மட்டும் தெரிந்த சங்கதி. மாற்றினால் பொய். மாற்றாவிட்டால் பிணம்.

சண்பகவல்லி வலது கையால் தட்டினாள். "சரி... பாத்துக்க" என்றாள். முதல்முறையாக, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வாசல் ஏவலன் முதுகுக்குப் பின்னால் கைவிட்டுக் கதவுப் பொத்தானை அமுக்கியது. கதவு திறந்தது.

"பாத்தீங்களாக்கா," என்றது பூரிப்போடு. "மொறையாச் செஞ்சா தன்னால தெறக்குது."

உள்ளே விழுந்து, கவசத்தைக் கழற்றி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். அங்கே நின்ற இன்னொரு ஏவலன் ஒரு கிண்ணத்தோடு குனிந்து, ஆளுக்கொரு சொட்டு எந்திர எண்ணெய் விட்டுக்கொண்டு வந்தது.

அவள் கையை நீட்டினாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் கவனித்தாள், நீட்டியது வலது கை.