சுவர் சொன்ன எண்கள்

அரியலூரிலிருந்து பஸ் பிடித்துப் பெரம்பலூர் வருவதற்குள், சொல்லவேண்டியதை ஆர்த்தி பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனாலும் பரணிதரன் எதிரில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

"பொழுது சாயுற நேரத்துல பக்கத்து வூட்டுச் சுவர் தட்டுது சார். தினமும் ஒரே கணக்கு. பதினாலு, நாலு. பன்னெண்டு, ரெண்டு. பதினொண்ணு, மூணு. அப்புறம் திரும்பவும் மொதல்லேருந்து."

போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிபவர் பரணிதரன். அவர் கண்களை மூடிக்கொண்டார். உதவியாளர் தென்றல்தான் அவசரப்பட்டாள். "போன் நம்பரா இருக்குமோ சார்?"

"அந்த வூட்ல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார் அவர்.

"ராஜவேல்னு ஒருத்தர், தனியா. வூடு அவரோட அத்தை வீராயி டீச்சருது. போன ஐப்பசியில அவங்க சுண்ணாம்புக்கல் குழித் தண்ணியில விழுந்துட்டாங்க. கரையில செருப்பு மட்டும் கெடந்துச்சு, ஒடம்பு கெடைக்கல. கருமாதிக்கு நானும் போயிருந்தேன்." ஆர்த்தியின் குரல் தாழ்ந்தது. "அவங்க ரூம் சுவருதான் தட்டுது."

"ராஜவேலுக்குக் கேக்கலையாம்மா?"

"அவரு பைக் கெளம்பினப்புறந்தான் சத்தமே வருது."

"டீச்சர் எங்க வேலை பாத்தாங்க?"

"பால்வாடியில. எம்பொண்ணுக்கும் அவங்கதான் எழுத்து சொல்லிக் குடுத்தாங்க. உயிர்மெய் அட்டைய மாட்டி, எத்தனாவது வரிசை, எத்தனாவது கட்டம்னு எண்ணச் சொல்வாங்க."

பரணிதரன் கண் திறந்தார். "மெய் பதினெட்டு, உயிர் பன்னெண்டு. ஒவ்வொரு ஜோடியிலயும் மொதல் எண் பதினெட்டத் தாண்டல, அடுத்தது பன்னெண்டத் தாண்டல. தென்றல், பதினாலாவது மெய் எது?"

தென்றல் விரல் விட்டு எண்ணினாள். "வ். நாலாவது உயிர் ஈ. அப்ப, வீ."

"பன்னெண்டும் ரெண்டும்?"

"ரா."

கடைசி எழுத்தை ஆர்த்தியே எண்ணினாள். பதினொன்று, ய். மூன்று, இ. யி. வீ, ரா, யி. செத்துப்போனவள் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"அப்ப ஆவிதானா சார்?"

"ஆவி எதுக்கும்மா ராஜவேல் கெளம்புற வரைக்கும் காத்திருக்கணும்? அவனுக்குப் பயப்படுறது உசுரோட இருக்கறவங்கதான். செருப்ப யாரு வேணா கழட்டி வைக்கலாம்."

அவர் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்.

போலீசோடு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ராஜவேல் வாசலில் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தான். பரணிதரன் சாவியைத் திருப்பி அணைத்தார். அந்த அமைதியில், பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து சத்தம் எழுந்தது. டொக். டொக். டொக்.

ராஜவேல் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நெலத்த விக்க விடமாட்டேன்னாங்க. கொல்ல மனசு வரல சார். அதான் செத்துட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

உள்ளறையில் வீராயி, வாயில் துணிக்கட்டோடு, கட்டிய கைகளில் ஒரு கரண்டியைப் பிடித்துச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது அவளுக்குத் தெரியவில்லை. ஆர்த்தி ஓடிப்போய் வாய்க்கட்டை அவிழ்த்தாள், கைக்கட்டை அவிழ்த்தாள், கரண்டியைப் பிடுங்கினாள். வீராயி வெறும் விரலால் ஆர்த்தியின் தோளில் தட்டத் தொடங்கினாள்.

"தெரிஞ்சிடுச்சு டீச்சர், போதும்," என்றாள் ஆர்த்தி.

அந்த விரல் பதினான்கு வரை எண்ணிவிட்டுத்தான் நின்றது.