பின்சீட்டுக்காரி

வண்டி வந்து இறங்கிய மாலையில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வந்ததென்னவோ சின்ன வண்டிதான். பெரிய க்ரூஸர் மோட்டார் சைக்கிள்களின் குடும்பத்தில் இது கடைக்குட்டி. ஆனால் பழைய காலத்துச் சாடையில் ஒரு குறையும் வைக்காமல் செய்திருந்தார்கள். உருண்டையான முகப்பு விளக்கு, வழவழவென்று வளைந்து இறங்கும் டேங்க், இரண்டு பக்கமும் கை விரித்த ஹேண்டில்பார், பின்சக்கரத்தை ஒட்டித் தொங்கும் தோல் பை. சீட் மட்டும் தரையோடு தரையாக, அவ்வளவு தாழ்வு.

"நம்ம குள்ளக் கத்தரிக்காயா இதை ஓட்டப் போகுது?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் மனைவியிடம் கேட்டார். ரகசியமாகக் கேட்பதாக அவருக்கு நினைப்பு. நாலு வீட்டுக்குக் கேட்டது.

வண்டியை வாங்கியவளுக்கும் கேட்டது. கோபம் வரவில்லை. உயரத்தைப் பற்றி அவள் கேட்காத கேலியா? எத்தனையோ கடைகளில் எத்தனையோ வண்டிகளில் ஏறி உட்கார்ந்து, கால் விரல் நுனியால் தரையைத் தேடிவிட்டு, அசடு வழிய இறங்கி வந்திருக்கிறாள். இந்த வண்டியில்தான் முதல்முறையாக இரண்டு பாதமும் அழுத்தமாகத் தரையில் பதிந்தன. அதற்கப்புறம் விற்றவர் வாயே திறந்திருக்க வேண்டாம். ஆனாலும் வியாபாரி அல்லவா, திறந்தார்.

"பின்சீட்டைப் பாருங்க மேடம். ஒரு சுருக்கம் இருக்கா? முன்னாடி வச்சிருந்தவங்க யாரையும் ஏத்தினதே இல்ல."

"எனக்கும் ஏத்துறதுக்கு ஆள் இல்லைங்க" என்று சொல்லி அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரிக்கும்படி அதில் ஒன்றுமில்லை. அது உண்மை.

பல் டாக்டர் ஒருவரின் மருத்துவமனைக்குப் பின்னால், ஜன்னலில்லாத அறையில் அவளுக்கு வேலை. பல் செட் செய்வாள். மெழுகும் மாவும் ரோஸ் நிற ஈறுமாகக் காலையிலிருந்து மாலைவரை யார் யாருடைய வாய்களோ அவள் மேஜையில் திறந்து கிடக்கும். ஒரு வாயும் பேசாது. வீட்டுக்குப் போனால் மாடியில் ஒற்றை அறை. அப்பா இருந்தவரை அவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் போன பிறகு அதுவும் இல்லை. அப்பாவின் கடைசி நாளுக்கு வெளியூரில் இருந்த அக்கா வந்து சேரவில்லை. வர முடியவில்லையா, வர மனமில்லையா என்று போனில் இருவரும் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டதோடு பேச்சு நின்றுபோனது. உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு அக்கா. அவள் தனியாக இருந்தாள். மூடி மறைக்க என்ன இருக்கிறது, தனிமை அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அதனால்தான் வண்டியை அப்படிக் கொண்டாடினாள். ஞாயிற்றுக்கிழமை துடைத்த வண்டியைத் திங்கட்கிழமையும் துடைத்தாள். வேலை முடிந்ததும் நேர் வழியை விட்டுவிட்டு, ஊரைச் சுற்றும் வாய்க்கால் கரைச் சாலையில் மெதுவாக வீட்டுக்கு வருவாள். அந்தச் சாலையில் வீடுகள் இல்லை. வரிசையாக மரங்கள், கறுத்த தண்ணீர், ஒரு வளைவில் பாழடைந்த பம்ப் அறை, அவ்வளவுதான். வண்டியின் தடதடச் சத்தம் மரங்களில் பட்டுத் திரும்பி வரும். வெளிச்சம் மங்கிக்கொண்டே வரும்.

அப்படி ஒரு மாலையில், பம்ப் அறை வளைவில் வேகத்தைக் குறைத்தபோது வண்டியின் பின்பக்கம் அமுங்கியது.

பள்ளம் இல்லை. கல் இல்லை. யாராவது பின்னால் ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் எப்படி ஒருமுறை அமுங்கி, மெல்ல எழுந்து நிற்குமோ, அப்படி.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

காலி சீட்.

ஈரத் தலைமுடியின் வாசனை மட்டும் ஹெல்மெட்டுக்குள் வந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது பின்பக்கம் தானாக எழும்பியது. அன்று மாடிப்படியை அவள் எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனாள். ஊரில் எல்லோரும் அவனை 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்பேனர் சீட்டை அமுக்கிப் பார்த்தான், குனிந்து பார்த்தான், படுத்தும் பார்த்தான்.

"ஸ்பிரிங்ல ஒண்ணும் இல்ல மேடம். ஆளை ஏத்துறப்ப பின்டயர்ல காத்து கொஞ்சம் கூடுதலா வைங்க. ரெண்டு ஓரமும் தேயுது பாருங்க."

"நான் யாரையும் ஏத்துறதில்லையே."

"டயர் பொய் சொல்லாது மேடம்" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனர் கண்ணைச் சிமிட்டாத குறையாகச் சிரித்தான். மேடத்துக்கு ஏதோ கல்யாண யோகம் என்று அவன் கணக்கு.

புத்தியுள்ளவர்கள் அன்றைக்கே வண்டியை விற்றிருப்பார்கள். அவளும் விற்கத்தான் நினைத்தாள். ஆனால் அந்த வாரம் குளிர் தொடங்கியது. ஓட்டும்போது எதிர்க்காற்று நெஞ்சில் ஊசியாய் இறங்கியது. முதுகு மட்டும் குளிரவில்லை. யாரோ ஒட்டி உட்கார்ந்திருக்கும் இளஞ்சூடு அங்கே இருந்தது. அப்பாவைத் தூக்கிப் படுக்க வைத்த நாட்களுக்குப் பிறகு இன்னொரு உடம்பின் சூட்டை அவள் அறிந்ததில்லை. பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தோடேயே மறுநாளும் வாய்க்கால் கரைக்குப் போனாள்.

ஒருநாள் பேச ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு ஒரு தாத்தாவோட பல் செட். அளவு எடுக்கும்போது டாக்டரோட விரலைக் கடிச்சிட்டாராம்" என்றாள் காற்றைப் பார்த்து.

பின்னால் சீட் லேசாகக் குலுங்கியது. சிரிப்பதுபோல்.

அப்புறம் கேட்க வேண்டுமா? அணை உடைந்ததுபோல் கொட்டினாள். பள்ளிக்கூடத்துக் கதை, அப்பாவின் கடைசி இரவு, அக்கா தன்னைக் 'குட்டி' என்று கூப்பிடுவது, அக்காவிடம் எதை எப்படிக் கெஞ்சினால் காரியம் நடக்கும் என்பது, சண்டையில் தான் சொன்னது, சொல்லாமல் விட்டது, எல்லாம். அவள் நிறுத்தினால் முதுகில் மெல்ல ஒரு அழுத்தம் வரும். மேலே சொல் என்று. அது ஒருநாளும் பதில் பேசியதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தது.

குளிர் முடிகிற நேரத்தில் ஒரு காலை அக்காவே போன் செய்தாள். இரண்டு பேரும் ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே அழுதுவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையும் கையுமாக அக்கா மாடிப்படி ஏறி வந்து, அந்த ஒற்றை அறையைப் பார்த்தாள். கொடியில் ஒருத்தியின் துணி, கழுவி வைத்த ஒரு தட்டு, ஒரு டம்ளர். பார்த்ததும் தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

"இனிமே நீ இங்க கிடக்க வேண்டாம்டி குட்டி. எங்க வீட்டுல மேல ரூம் சும்மாதான் பூட்டிக் கிடக்கு. உன் மாமா எத்தனையோ தடவை சொல்லிட்டார். அங்க பல் டாக்டரே இல்லையா என்ன?"

"வர்றேன்க்கா" என்றாள் அவள். யோசிக்கவே இல்லை. யோசிக்கும்படி அவளிடம் என்ன இருந்தது?

சாயங்காலம் அக்காவைப் பஸ் நிலையத்தில் விட வண்டியை எடுத்தாள். "என் கனத்தை இந்தப் பொம்மை வண்டி தாங்குமா?" என்று அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பெருமூச்சு விட்டுக்கொண்டு ஏறினாள். வண்டி நன்றாகவே அமுங்கியது. பஸ் நிலையத்துக்கு வாய்க்கால் கரைதான் குறுக்கு வழி. வெயில் இருக்கிறது, கூட அக்கா இருக்கிறாள், என்ன ஆகிவிடப் போகிறது என்று அதிலேயே போனாள்.

முதுகில் அக்கா நன்றாகச் சாய்ந்திருந்தாள். அவளுக்குச் சின்ன வயதில் அக்காவின் மடியில் தூங்கியது ஞாபகம் வந்தது. கண் கலங்கியது.

"என்னடி இவ்வளவு முன்னாடி போய் உட்கார்ந்திருக்கே?" என்று பின்னாலிருந்து அக்கா கத்தினாள். "உன் இடுப்பைப் பிடிக்கலாம்னா கை எட்டவே மாட்டேங்குது!"

அவள் சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது.

அந்தச் சீட்டுகளுக்கு நடுவே நாலு விரல் இடைவெளிகூடக் கிடையாது.

"அக்கா... நீ என் முதுகுல சாஞ்சுதானே இருக்கே?"

"எங்கடி சாயுறது? நான் பின்னாடிக் கம்பியைப் பிடிச்சுட்டுத் தொங்கிட்டிருக்கேன்."

முதுகில் சூடு அப்படியே இருந்தது.

ஈரத் தலைமுடியின் வாசனை.

பம்ப் அறை வளைவு வந்தது. அவள் வண்டியை இடப்பக்கம் சாய்த்தாள். பின்னால் இருந்த ஏதோ ஒன்று முழுக் கனத்தோடு வலப்பக்கம் சாய்ந்தது. வண்டி திரும்ப மறுத்து, தண்ணீரைப் பார்த்து நேராக ஓடியது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தாள். கரையோரச் சரளையில் இழுபட்டு, விளிம்பில் நின்றது.

அக்கா பத்தடி பின்னால் தரையில் கிடந்தாள். முழங்கை உரிந்து ரத்தம் கசிந்தது. ஓடிப்போய்த் தூக்கியபோது அக்கா அவளைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தாள்.

"நான் விழலடி" என்றாள் கிசுகிசுப்பாக. "என்னைத் தள்ளிவிட்டாங்க."

மீதித் தூரம் நடந்தார்கள். அக்கா வண்டிப் பக்கமே வரவில்லை. அவள்தான் தள்ளிக்கொண்டு போனாள். ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியைத் தள்ளுவது எவ்வளவு கனமோ அவ்வளவு கனத்தது.

பஸ் நிலையத்தில் அக்கா அவள் கையை விடவே இல்லை. "இப்பவே என்கூட ஏறு. போட்டது போட்டபடி கிடக்கட்டும்."

"நாளைக்குக் காலையில ஒரு தாத்தாவுக்குப் பல் செட் குடுக்கணும்க்கா. பாவம், இத்தனை நாளா கஞ்சியே குடிச்சிட்டிருக்கார். குடுத்துட்டு சாயங்காலப் பஸ்ல வந்துடுறேன்."

"அப்ப இந்தச் சனியனைத் தொடாதே. இங்கேயே விட்டுட்டு நடந்து போ. என்மேல சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் செய்தாள். பஸ் கிளம்பியது. ஜன்னலில் அக்காவின் கை திருப்பம் வரை அசைந்துகொண்டே இருந்தது.

வீட்டை நோக்கி அவள் நாலு எட்டு நடந்தாள். நின்றாள். விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. முதுகில் குளிர்ந்த காற்று பட்டது. திரும்பிப் பார்த்தாள். வண்டி தனியாக நின்றது. இத்தனை மாதம் அவள் பேசியதையெல்லாம் கேட்டது அது ஒன்றுதான். சொல்லாமல் கொள்ளாமல் போவது நன்றாகவா இருக்கிறது? அக்காவைத் தள்ளியது தப்புதான். ஆனால் தனியாக விடப்படுவது என்னவென்று அவளுக்குத் தெரியும். பைத்தியக்காரப் பெண், போயும் போயும் அதற்குப் போய்ப் பரிதாபப்பட்டாள்.

வீடு வரைக்கும். கடைசியாக ஒரே ஒரு தடவை.

அவள் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் அமுங்கியது. இந்த முறை வளைவு வரைகூட அது காத்திருக்கவில்லை. ஊருக்குள் விளக்கு வெளிச்சத்திலேயே ஓட்டினாள். வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்தாள். தெருவில் யாரும் இல்லை. தையல்காரர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

"நாளைக்கு நான் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள் மெதுவாக. "திரும்ப வர மாட்டேன். கோவிச்சுக்காதே."

பின்னால் ஒரு அசைவும் இல்லை.

அப்புறம் இரண்டு கைகள் அவள் இடுப்பைச் சுற்றி வந்தன.

இதுவரை ஒருநாளும் அது அவளைக் கையால் தொட்டதில்லை. ஈரமான கைகள். விரலோடு விரல் கோத்து, வயிற்றின் மேல் இறுகின. அவள் இறங்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு பாதமும் தரையில் அழுத்தமாகத்தான் இருந்தன. எழுந்திருக்க முடியவில்லை.

பின்சக்கரத்தின் பக்கம் தொங்கும் பையில் அவளுடைய போன் அடித்தது. அக்காதான். அந்த நேரத்தில் வேறு யார் அவளைக் கூப்பிடுவார்கள்?

அவள் கையைப் பின்னால் வீசினாள். காற்றுதான் சிக்கியது.

பையின் வார் கழலும் சத்தம் கேட்டது.

போன் அடிப்பது நின்றது.

"சொல்லுக்கா" என்றது ஒரு குரல், அவள் பிடரிக்கு மிக அருகில்.

அவளுடைய குரல்.

"வீட்டுக்கு வந்துட்டேன்க்கா. வண்டியைத் தொடவே இல்ல, நடந்துதான் வந்தேன். உன்மேல சத்தியம் பண்ணிட்டு மீறுவேனா?"

அவள் கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். வாய் திறந்திருந்தது. அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"கை வலிக்குதா? மருந்து போட்டுக்கோ. நாளைக்குச் சாயங்காலம் வந்துடுறேன். மேல ரூமைப் பெருக்கி வச்சிடு, என்ன? எனக்குத் தனியா படுக்க பயமா இருக்கும்க்கா, நீயும் கூடவே படுத்துக்கோ."

மறுமுனையில் அக்கா சிரிப்பது தெளிவாகக் கேட்டது. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அக்கா அப்படி நிம்மதியாகச் சிரித்தாள்.

"சரிடி குட்டி. சீக்கிரம் வந்து சேரு."