குறுக்குவெட்டு

காலையில் வெட்டிய மரத்தில் பிசின் இன்னும் வடிந்துகொண்டிருக்க வேண்டும். வேதநாயகம் விரலால் தடவிப் பார்த்தான். காய்ந்து கறுத்து, ஓரங்களில் பட்டை திரண்டு மூடத் தொடங்கியிருந்தது. ஒரு வருஷத்துப் பழசு மாதிரி இருந்தது. ஆனால் வெட்டு அவனுடையதுதான். இடக்கைக்காரனின் அரிவாள் சாயும் பக்கம் தனியாகத் தெரியும்.

"என்ன மச்சான், நின்னுட்டீரு?" அவன் மனைவி செலினின் தம்பி அந்தோணிமுத்து பின்னால் மூச்சு வாங்கினான்.

"ஒண்ணுமில்லலே. ஜல்தி நட."

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று, மே மாதம். சர்வேக்காரர்களுக்காக வட அந்தமானின் சேடில் பீக் மலையுச்சியில் வெள்ளைக் கொடி நட்டுவிட்டு இருவரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கரையில் சிவஞானத்தின் படகு மூன்று மணிவரைதான் நிற்கும். அதற்குமேல் நீர் வற்றிப் பாறை தலைகாட்டிவிடும். அதை விட்டால் இன்றைய கப்பலும் போய்விடும்; போர்ட் பிளேருக்கு அடுத்தது பதினைந்து நாள் கழித்துத்தான். அங்கே ஜங்லிகாட் வீட்டில் செலினுக்கு ஒன்பதாம் மாதம். முதல் பிள்ளை பிறந்தபோது அவன் காட்டில் கிடந்தான். திரும்பி வருவதற்குள் அதைப் புதைத்தே விட்டார்கள். இந்தத் தடவை கூட இருப்பேன் என்று மாதா படத்தின் முன்னால் சத்தியம் செய்து கொடுத்திருந்தான்.

அந்த அவசரத்தில்தான் காலையில் அப்படிச் செய்தான். வழி வெட்டுகிறவர்களிடம் ஒரு முறை உண்டு. ஏறும்போது மரத்தில் ஒரு வெட்டு, இறங்கும்போது அதன்மேல் குறுக்காக இன்னொன்று. குறுக்குவெட்டு விழுந்திருந்தால் ஆள் இறங்கிவிட்டான், தேட வேண்டாம் என்று அர்த்தம். திரும்பி வரும்போது மரத்துக்கு மரம் நிற்க நேரமேது? ஏறும்போதே இரண்டையும் போட்டுவிட்டான்.

"எறங்காம எறங்கியாச்சுன்னு போடாதீரும் மச்சான்" என்று அந்தோணி அப்போதே சொன்னான்.

"யாருலே பாக்கப் போறா? இந்தக் காட்டுல குரங்குகூடக் கெடையாது" என்று இவன் சிரித்தான்.

இப்போது சிரிப்பு வரவில்லை. பிரம்புப் புதர்களுக்கிடையே காற்றே இல்லாத வெக்கையில், அழுகிய இலையின் புளித்த வாடை தொண்டைவரை இறங்க, வேர்களைப் பிடித்துப் பிடித்து இறங்கியபோது, காலையிலிருந்து காதை அடைத்துக்கொண்டிருந்த சில்வண்டுச் சத்தம் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. வழுக்குப்பாறை வந்தது. காலையில் கட்டிவிட்டுப் போன கயிறு அப்படியே தொங்கியது. அதைப் பிடித்து முப்பதடி சறுக்கி இறங்கினார்கள்.

கீழே ஈரமண்ணில் இரண்டு ஜோடிக் காலடிகள் இருந்தன. இரண்டுமே இறங்கிப் போகிற தடம். ஒன்றில் இடது கால் இழுபட்டு நீளக் கோடு விழுந்திருந்தது. சின்ன வயதில் தூத்துக்குடியில் படகு ஏறி நசுக்கியதிலிருந்து வேதநாயகம் இடது காலை இழுத்துத்தான் நடப்பான்.

"நம்ம தடந்தான், காலையில வந்தது" என்றான்.

"காலையில நாம ஏறுனோம், மச்சான்."

பயத்தை மைத்துனனிடம் காட்டிக்கொள்ளாமல் வேகமாக நடந்தான். மரம், குறுக்குவெட்டு. அடுத்த மரம், குறுக்குவெட்டு. அரைமணி நேரம் நேர்கீழாக இறங்கிப் புதரை விலக்கினால், காலடியில் அதே வழுக்குப்பாறை. அதன் மேல்விளிம்பில் நின்றார்கள். கயிறு தொங்கியது.

மறுபடி இறங்கினார்கள். மறுபடி அதே விளிம்பு.

மூன்றாவது தடவை அந்தோணி உட்கார்ந்துவிட்டான். "அருள்நிறைந்த மரியாயே" என்று தொடங்கினான். அடுத்த வார்த்தை அவனுக்கு வரவில்லை.

பாறை விளிம்பிலிருந்து கரை தெரிந்தது. சிவஞானத்தின் படகு இன்னும் நின்றது. வேதநாயகத்துக்கு உயிர் வந்தது. வாயைக் குவித்துக் கத்தப் போனான்.

காட்டிலிருந்து மணலுக்கு இரண்டு பேர் வந்தார்கள்.

முன்னால் போனவன் தலையில் சிவப்புத் துண்டு. இடது காலை இழுத்து நடந்தான். வேதநாயகம் தன் தலையைத் தொட்டுப் பார்த்தான். துண்டு இருந்தது.

"சிவஞானம்! ஏ சிவஞானம்! அது நானில்ல! நான் இங்க இருக்கேன்!"

படகுக்காரர் மலையை நிமிர்ந்து பார்த்தார். துண்டுக்காரன் அவர் தோளில் கை போட்டு என்னவோ சொன்னான். சிவஞானம் சிரித்தார். கையை நீட்டி இருவரையும் ஏற்றிக்கொண்டார்.

இன்ஜின் சத்தம்.

பக்கத்து மரத்தில் அவனுடைய இரண்டு வெட்டுகளும் இல்லை. வழவழவென்று பட்டை மூடியிருந்தது.

படகில் துண்டுக்காரன் இவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். இடது கையை உயர்த்தி, மெதுவாக, காற்றில் குறுக்கே ஒரு கோடு போட்டான்.

செலின் கதவைத் திறந்துவிடுவாள்.